பொட்டாசியம் ஏன் 2, 8, 9 அல்ல?
(மாணவர் பக்கம் – அணு அமைப்பு)

 

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், "பொட்டாசியத்தின் எலக்ட்ரான் அமைப்பு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "2, 8, 9" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மாலை வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் பதில் அதுதான். கூட்டிப் பார்த்தால் 19 வருகிறது, கணக்கு சரிதான். ஆனாலும் விடை தவறு. சரியான விடை 2, 8, 8, 1.

இதைத் திருத்தி எழுதிவிட்டுப் போய்விட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஏன் தவறு என்று தெரியாமல் பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குத் தனிம வரிசை அட்டவணையும் வேதிப்பிணைப்பும் வெறும் மனப்பாடமாகிவிடும். பதினோராம் வகுப்பில் "எனக்கு வேதியியல் வராது" என்று சொல்லி வேறு பிரிவுக்கு ஒதுங்கும் பிள்ளைகள் பலர் உண்மையில் தடுக்கி விழுந்த இடம் இந்த ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். எனவே இந்த இதழில் இதை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணுவின் பெயரைத் தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. அந்த அணுவின் குணத்தைத் தீர்மானிப்பது வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

இவையெல்லாம் எப்படித் தெரிந்தன? 1808-ல் டால்டன் அணுவைப் பிளக்க முடியாத திண்மையான உருண்டை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். 1897-ல் ஜே.ஜே. தாம்சன் அணுவுக்குள்ளிருந்து எதிர் மின்சுமை கொண்ட எலக்ட்ரான் வெளிவருவதைக் கண்டார். அணுவில் எதிர் மின்சுமை இருந்தால் அதைச் சமன் செய்ய நேர் மின்சுமையும் எங்கோ இருக்க வேண்டுமே! நேர் மின்சுமை அணு முழுவதும் பரவிக் கிடக்கிறது, அதில் எலக்ட்ரான்கள் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன என்றார் தாம்சன். பாடநூல் இதற்குத் தர்ப்பூசணியை உதாரணம் காட்டும். நம் திருவையாற்றுப் பிள்ளைகளுக்கு அசோகா போதும். பாசிப்பருப்பு அசோகா முழுவதும் நேர் மின்சுமை, அதில் கிடக்கும் முந்திரிப் பருப்புகள் எலக்ட்ரான்கள்.

அந்த அசோகா மாதிரியை உடைத்தது தங்க ரேக்கு. தஞ்சாவூர் ஓவியங்களில் ஒட்டுகிறார்களே, ஊதினால் பறக்கும் தங்கத் தகடு, அதைப்போல மெல்லியது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் 1909-ல் இந்தச் சோதனை நடந்தது. சுமார் ஆயிரம் அணுக்களை அடுக்கி வைத்த அளவே தடிமன் கொண்ட தகட்டின் மீது நேர் மின்சுமையுள்ள ஆல்ஃபா துகள்களை மோதவிட்டார்கள். கெய்கர் என்ற உதவியாளரும் மார்ஸ்டன் என்ற மாணவரும் இருட்டறையில் அமர்ந்து, திரையில் துகள் படும்போது தோன்றும் சின்ன மின்னல்களை நுண்நோக்கியில் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். மார்ஸ்டனுக்கு அப்போது வயது 20. பட்டப்படிப்பைக்கூட முடிக்கவில்லை. ஏதாவது துகள் பின்பக்கமாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. ஒன்றும் வராது என்பதே பொதுவான எண்ணம். அசோகாவின் மீது வேகமாக எறிந்த ஊசி திரும்பியா வரும்?

வந்தது. பெரும்பாலான துகள்கள் தகட்டைத் தாண்டி நேராகப் போய்விட்டன. ஆனால் சுமார் எட்டாயிரத்தில் ஒன்று பின்னோக்கித் திரும்பியது. இதற்குப் பொருள் கண்டுபிடிக்க ரூதர்ஃபோர்டுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1911-ல் அவர் சொன்னது இதுதான்: அணுவின் நேர் மின்சுமை முழுவதும், நிறையில் ஏறக்குறைய முழுவதும், நடுவில் மிகச் சிறிய ஓர் இடத்தில் திரண்டிருக்கிறது. மீதி இடம் வெற்றிடம். அந்த நடுவிடத்துக்குத்தான் அணுக்கரு என்று பெயர்.

எவ்வளவு சிறியது? ஹைட்ரஜன் அணுவின் கருவை ஒரு கடுகு அளவுக்குப் பெரிதாக்கிப் பள்ளிக்கூட மைதானத்தின் நடுவே வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஒரே எலக்ட்ரான் ஏறக்குறைய அறுபது மீட்டர் தள்ளி இருக்கும். இடையில் ஒன்றுமே கிடையாது. நாம் கெட்டி என்று நம்பிச் சாய்கிற சுவரும் அமர்கிற திண்ணையும் இப்படிப்பட்ட அணுக்களால் ஆனவைதான்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் கேட்கிறார்கள். குர்ஆனின் ஸில்ஸால் அத்தியாயத்தில் 'தர்ரா' என்ற சொல் வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இதை "அணுவளவு" என்று படித்திருப்பீர்கள். இன்றைய அரபியில் வேதியியல் பாட அணுவுக்கும் இதே சொல்தான். ஆனால் பழைய விரிவுரையாளர்கள் இதற்குச் சிற்றெறும்பு என்றும், வெயில் கீற்றில் மிதக்கும் தூசு என்றும் பொருள் தந்தார்கள். மனிதனின் செயலில் மிகச் சிறியதுகூடக் கணக்கில் விடுபடாது என்பதே அங்கே பேசப்படும் செய்தி. அதை ரூதர்ஃபோர்டின் சோதனையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அறிவியல் மாதிரிகள் மாறும், டால்டனுடையது மாறியது, தாம்சனுடையது மாறியது. மாறக்கூடிய ஒன்றின் மீது வேதத்தைச் சாய்த்து வைக்கலாகாது. வேண்டுமானால் இதை அறிந்துகொள்ளுங்கள்: பொருள்கள் பிளக்க முடியாத நுண்கூறுகளால் ஆனவை என்று நம் அஷ்அரி அறிஞர்கள் வாதிட்டார்கள், இப்னு சீனா அதை மறுத்தார். பாக்தாதில் அது சூடான விவாதமாக இருந்த காலம் உண்டு. அவர்களிடம் தங்க ரேக்கு இருந்தது, ஆல்ஃபா துகள்தான் இல்லை!

சரி, பாடத்துக்கு வருவோம். அணுக்கருவுக்குள் நேர் மின்சுமையுள்ள புரோட்டான்களும் மின்சுமையற்ற நியூட்ரான்களும் இருக்கின்றன. நியூட்ரானை 1932-ல் சாட்விக் கண்டுபிடித்தார். புரோட்டான் எண்ணிக்கையே அணு எண். 11 புரோட்டான் இருந்தால் சோடியம், 17 இருந்தால் குளோரின், 19 இருந்தால் பொட்டாசியம். இதில் பேரமே கிடையாது. இதை எக்ஸ்-கதிர்களைக் கொண்டு 1913-ல் நிலைநாட்டியவர் மோஸ்லி என்ற இளைஞர். இரண்டே ஆண்டுகளில், முதல் உலகப்போரில் துருக்கியின் கல்லிப்போலியில் துருக்கிப் படைக்கு எதிரே ஆங்கிலேயர் அணியில் நின்று, 27 வயதில் இறந்துபோனார்.

நிறை எண் என்பது வேறு. புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்துக் கூட்டி வருவது. ஒரே தனிமத்தின் அணுக்களில் நியூட்ரான் எண்ணிக்கை மாறலாம். அப்படி மாறினால் அவை ஐசோடோப்புகள். குளோரின் அணுக்கள் நான்கை எடுத்தால் ஏறக்குறைய மூன்று 35 நிறை எண்ணும் ஒன்று 37 நிறை எண்ணும் கொண்டவை. மூன்று 35-ஐயும் ஒரு 37-ஐயும் கூட்டினால் 142. நான்கால் வகுத்தால் 35.5. பாடநூலில் குளோரினின் அணு நிறை ஏன் அரையில் முடிகிறது என்று விழிப்பவர்களுக்கு விடை இதுதான். அரைப் புரோட்டான் எங்கும் கிடையாது.

இனி எலக்ட்ரான்கள். 1913-ல் போர், எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களில் மட்டுமே இருக்க முடியும் என்றார். அவற்றைக் கூடுகள் என்கிறோம். கருவிலிருந்து வெளியே போகப்போக கே, எல், எம், என் என்று பெயர். கூட்டின் வரிசை எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு இரண்டால் பெருக்கினால் அந்தக் கூட்டில் அதிகபட்சம் எத்தனை எலக்ட்ரான்கள் அடங்கும் என்பது வரும்: 2, 8, 18, 32. (எலக்ட்ரான்கள் கோள்களைப் போல வட்டமடிப்பதாகப் படம் போடுகிறோம். அது வசதிக்காகத்தான். பதினோராம் வகுப்பில் இந்த வட்டங்களை அழித்துவிட்டு மேகம் மாதிரி வரையச் சொல்வார்கள். அப்போது ஏமாந்துவிட்டோமே என்று நினைக்காதீர்கள். எண்ணிக்கை அப்படியே நிற்கும், படம்தான் மாறும்.)

பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். மூன்றாம் கூட்டில் 18 இடம் இருக்கிறதே, பொட்டாசியத்தின் மீதி ஒன்பதையும் அங்கேயே வைத்தால் என்ன? 18 என்பது அந்தக் கூட்டின் கொள்ளளவு மட்டுமே. எலக்ட்ரான் பார்ப்பது காலி இடத்தை அல்ல, ஆற்றல் குறைவான இடத்தை. மூன்றாம் கூட்டின் முதல் எட்டு இடங்கள் ஆற்றல் குறைந்தவை. மீதிப் பத்து இடங்கள் உயரத்தில் இருக்கின்றன. நான்காம் கூட்டின் முதல் இரண்டு இடங்கள் அவற்றைவிடத் தாழ்வானவை. பெரிய தெருக் கல்யாணத்தில் கூடத்து மாடியில் பாய் காலியாக இருந்தாலும், படியேற முடியாத பெரியவர் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போடும் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறாரே, அது மாதிரி. எனவே பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான் நான்காம் கூட்டுக்குப் போகிறது: 2, 8, 8, 1. கால்சியத்தின் இருபதாவதும் அங்கேதான்: 2, 8, 8, 2. திண்ணையின் இரண்டு இடமும் நிரம்பிய பிறகுதான் அடுத்தவர் மாடிக்கு ஏறுகிறார். 21-ஆம் தனிமமான ஸ்காண்டியம் 2, 8, 9, 2. ஆக, மூன்றாம் கூட்டில் ஒன்பது வரவே வராது என்பதல்ல, பொட்டாசியத்தில் வராது.

விடையை இன்னொரு வழியிலும் சோதிக்கலாம். வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் எழுதியிருந்தால் விடை தவறு. தேர்வறையில் இந்த ஒரு சோதனையே போதும்.

பொட்டாசியத்தின் அந்த ஒற்றை எலக்ட்ரான்தான் அதன் குணம் முழுவதும். அதை யாரிடமாவது தள்ளிவிட்டால் மீதி 2, 8, 8 என்று நிறைவடைந்துவிடும். அதனால் தூய பொட்டாசிய உலோகம் தண்ணீர் பட்டவுடன் தீப்பற்றுகிறது. ஆனால் உங்கள் அத்தா வயலுக்கு வாங்கி வரும் பொட்டாஷ் மூட்டையை மழையில் வைத்தாலும் தீப்பற்றுவதில்லை, கரைந்து மட்டும்தான் போகும். ஏன்? அது பொட்டாசியம் குளோரைடு. அதில் உள்ள பொட்டாசியம் தன் எலக்ட்ரானை ஏற்கெனவே குளோரினிடம் கொடுத்துவிட்டது. இப்போது அதில் 18 எலக்ட்ரான்களே உள்ளன, ஆர்கான் வாயுவில் உள்ள அதே எண்ணிக்கை. அப்படியானால் அது ஆர்கான் ஆகிவிட்டதா? இல்லை. கருவில் 19 புரோட்டான் அப்படியே இருக்கிறது. பெயர் பொட்டாசியம்தான், குணம்தான் மாறியது. அதற்குப் பொட்டாசியம் அயனி என்று பெயர். வாழையின் வேர் உறிஞ்சுவதும் இந்த அயனியைத்தான்.

பொட்டாசியத்தின் குறியீடு ஏன் 'கே' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: லத்தீனில் அதன் பெயர் காலியம். அந்தப் பெயர் வந்தது செடியை எரித்த சாம்பலைக் குறிக்கும் 'கலீ' என்ற அரபிச் சொல்லிலிருந்து. 'அல்கலி' என்று பாடநூலில் படிப்பதும் அதே சொல்தான், முன்னால் 'அல்' சேர்ந்திருக்கிறது. தார் வெட்டிய வாழை மரத்தைக் காயவைத்து எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. காவிரிக் கரைப் படுகையில் நிற்கும் ஒவ்வொரு வாழைக் கொல்லையும் ஒரு பொட்டாசியக் கிடங்கு.

அந்தக் கிடங்கில் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. சுமார் எட்டாயிரத்து ஐந்நூறு பொட்டாசியம் அணுக்களில் ஒன்று 40 நிறை எண் கொண்டது. அதன் கரு நிலையற்றது. பெரும்பாலும் அதன் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறிவிடும். அப்போது புரோட்டான் 20, அணு கால்சியமாகிவிட்டது. பத்தில் ஒரு பங்கு அளவில் இதற்கு நேர்மாறாக ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறும். அப்போது புரோட்டான் 18, ஆர்கான். எலக்ட்ரானை இழந்தபோது மாறாத பெயர், புரோட்டான் மாறியவுடன் மாறிவிட்டது பாருங்கள். இத்தகைய அணுக்களில் பாதி மாறுவதற்கு 125 கோடி ஆண்டுகள் ஆகும். ஆனாலும் ஒரு பழத்தில் உள்ள அணுக்கள் கணக்கற்றவை என்பதால், நடுத்தர அளவுப் பழம் ஒன்றில் நொடிக்குச் சுமார் பத்து அணுக்கள் இப்படி மாறிக்கொண்டிருக்கின்றன. பயப்பட ஒன்றுமில்லை. நம் உடம்பில் எப்போதும் இதைவிடப் பல மடங்கு பொட்டாசியம் இருக்கிறது, மிகுந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு ஆர்கான் அல்லவா? அதில் பெரும்பகுதி பூமிக்குள் இருந்த பொட்டாசியம் இப்படி மாறியதால் வந்ததுதான்.

கடைசியாகக் குளோரின். இந்தப் பகுதியைப் பெற்றோர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

அதிராம்பட்டினம் உப்பளத்திலிருந்து வரும் உப்பில் இருப்பவை சோடியமும் குளோரினும். சோடியம் 2, 8, 1. ஒன்றைத் தள்ளிவிட அலைவது. பள்ளி ஆய்வகத்தில் அதை மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளோரின் 2, 8, 7. ஒன்றைப் பிடுங்க அலைவது. இருவரும் சந்தித்து ஒன்று கைமாறியதும் இரண்டும் அடங்கிவிடுகின்றன. அதைத்தான் ஆணத்தில் போடுகிறோம்.

ஆனால் வாயுவாக இருக்கும் குளோரினுக்கு அந்த எலக்ட்ரான் முழுதாகக் கிடைக்கவில்லை. இரண்டு குளோரின் அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொண்டு ஒப்பேற்றுகின்றன. எலக்ட்ரான் கிடைக்கும் இடம் கண்டால் பிடுங்கும். தண்ணீர்த் தொட்டியிலும் பள்ளிவாசல் ஹவுளிலும் அளவாகக் கரைத்து ஊற்றும் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்வதும் இந்தப் பிடுங்கும் குணத்தால்தான். நுரையீரலுக்குள் போனால் அங்கேயும் அதையே செய்யும், ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகவும் மாறும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மானியப் படை எதிரிகள் மீது திறந்துவிட்ட நச்சு வாயு இதுதான்.

பெருநாளுக்கு முன் வீடு கழுவும்போது கழிப்பறைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டு, கறை போகவில்லையென்று மேலேயே ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் கலந்த மறுநொடியே குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சாத்திய சிறிய கழிப்பறையில் இது உயிருக்கே ஆபத்து. ஒருநாள் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தவறிக் கலந்துவிட்டால் சுத்தம் செய்து முடிக்கலாம் என்று அங்கே நிற்காமல் உடனே வெளியே வாருங்கள். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது, தரையை ஒட்டித் தேங்கும். எனவே குனியவோ உட்காரவோ கூடாது. சிறு பிள்ளைகளை முதலில் தூக்கிக்கொண்டு திறந்த வெளிக்குப் போங்கள். கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். முதலில் அடங்கிய மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்து முற்றவும் கூடும். எனவே இருமல் நின்றுவிட்டதே என்று மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

இனி நீங்களே செய்து பாருங்கள்.

1. மெக்னீசியத்தின் அணு எண் 12, கந்தகத்தின் அணு எண் 16. இரண்டின் எலக்ட்ரான் அமைப்பையும் எழுதுங்கள். எது கொடுக்கும், எது வாங்கும்? எத்தனை?

2. ஓர் அயனியில் 20 புரோட்டான், 20 நியூட்ரான், 18 எலக்ட்ரான். அது எந்தத் தனிமம்? நிறை எண் என்ன? மின்சுமை என்ன?

3. ஆர்கான்-40, பொட்டாசியம்-40, கால்சியம்-40. மூன்றிலும் நியூட்ரான்கள் எத்தனை? இவை ஐசோடோப்புகளா, ஐசோபார்களா?

விடைகள்: (1) மெக்னீசியம் 2, 8, 2, இரண்டைக் கொடுக்கும். கந்தகம் 2, 8, 6, இரண்டை வாங்கும். (2) கால்சியம், நிறை எண் 40, நேர் மின்சுமை இரண்டு. (3) முறையே 22, 21, 20. நிறை எண் ஒன்று, அணு எண் வேறு, எனவே ஐசோபார்கள். இரண்டாம் கேள்விக்கு ஆர்கான் என்று எழுதியவர்கள் பொட்டாஷ் மூட்டை பற்றிய பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.